கூட்டணி அரசு அமைக்கும் பேச்சுவார்த்தையில் உண்மையில் எவை பேசப்படுகின்றன?

கேள்வி

தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்காதபோது, யார் யாரோடு சேர்ந்தால் எத்தனை இடங்கள் தேறும் என்ற கணக்கை முடிவுகள் வந்த அன்றே எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஓர் அரசாக மாறுவதற்கு ஆகும் காலம் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. 2010 மே 6 அன்று தேர்தல் நடந்த பிரிட்டனில் கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகளின் கூட்டணி அரசு மே 11 அன்று அமைந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று வாக்களித்த பெல்ஜியத்தில் புதிய அரசு 2011 டிசம்பர் 6 அன்றுதான் பதவியேற்றது. இடையில் 541 நாட்கள் கழிந்தன.

செய்திகளைப் படிக்கும்போது "பேச்சுவார்த்தை தொடர்கிறது", "இழுபறி நீடிக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. அந்த அறைக்குள் முதலில் எதைப் பேசுகிறார்கள்? இலாகாக்களைப் பிரிக்க ஏதேனும் அளவுகோல் உண்டா, அல்லது அழுத்திக் கேட்பவருக்குக் கிடைத்துவிடுகிறதா? எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாட்டை ஒரு தரப்பு மீறினால் மற்றத் தரப்பு நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? முடியாது என்றால், எதை நம்பிக் கையெழுத்திடுகிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

கால வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறேன். 2010இல் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 306 இடங்கள், தொழிற்கட்சிக்கு 258, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57. மூன்றாவது கட்சி இரு பக்கமும் பேசியது உண்மைதான். ஆனால் தொழிற்கட்சியோடு சேர்ந்தாலும் 315தான் வரும், பெரும்பான்மைக்கு அது போதாது. ஆகவே வேறு வழி இருப்பதுபோல் காட்டிப் பேரத்தை நீட்டிக்க இடம் குறைவாகவே இருந்தது. பெல்ஜியத்தின் நிலை முற்றிலும் வேறு. டச்சு பேசும் பகுதிக்கும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கும் தனித்தனிக் கட்சிகள் உள்ள நாட்டில், பிரஸ்ஸல்ஸ்-ஹாலே-வில்வோர்டே என்ற தேர்தல் தொகுதியைப் பிரிப்பது உட்பட அரசமைப்பையே திருத்தும் விவகாரங்கள் தீர்ந்த பிறகுதான் அமைச்சரவையைப் பற்றியே பேச முடிந்தது. அத்தேர்தலில் அதிக இடங்கள் பெற்ற ஃபிளெமிஷ் தேசியக் கட்சி கடைசியில் அரசிலேயே இடம்பெறவில்லை. ஆறு கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தன.

யார் பேச்சைத் தொடங்கி வைப்பது என்பதும் முக்கியமானது. நெதர்லாந்தில் 2012 முதல் மன்னரின் பங்கு விலக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் கீழவையே ஒரு தூதரை நியமிக்கிறது. எந்தக் கட்சி எதனுடன் பேசத் தயார் என்று அவர் விசாரித்துச் சொல்வார். அடுத்து வருபவர் கொள்கைப் பேச்சை நடத்துவார். இறுதியில் பிரதமராக வரவிருப்பவர் அமைச்சரவையை அமைப்பார். இந்த முதல் கட்டம் எவ்வளவு மென்மையானது என்பதை 2021 மார்ச் 25 அன்று நடந்தது காட்டியது. அப்போது இருந்த இரண்டு தூதர்களில் ஒருவரான காய்சா ஒலோங்ரென் தமக்குக் கொரோனா தொற்று உறுதியானதை அறிந்து நாடாளுமன்ற வளாகத்திலிருந்து அவசரமாக வெளியேறியபோது, கையில் வைத்திருந்த குறிப்புத் தாள் வெளிப்புறம் தெரியும்படி இருந்தது. புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அரசை விடாமல் கேள்வி கேட்டு வந்த பீட்டர் ஓம்ட்ஸிக்ட் என்ற உறுப்பினருக்கு வேறெங்காவது ஒரு பொறுப்பு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. தூதர்கள் இருவரும் அன்றே விலகினர்; பிரதமர் மார்க் ருட்டே மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, அவர் அதில் தப்பினார். அந்த அரசு அமைய 299 நாட்கள் ஆயின. ஆட்களுக்கு இடம் ஒதுக்குவது கொள்கைப் பேச்சுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்ற எண்ணம் ஒருமுறை பரவிவிட்டால், மேசையில் எஞ்சியிருக்கும் நம்பிக்கை எத்தனை விரைவாகக் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கொள்கை முதலில், இலாகா கடைசியில் என்ற வரிசையைப் பல நாடுகளில் பின்பற்றுவதற்குக் காரணமும் இதுவே. நிதித்துறை தம் கட்சிக்கு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், வரியைப் பற்றி எழுத்தில் ஒப்புக்கொள்ள அந்தக் கட்சிக்கு அவசியமே இல்லாமல் போய்விடும்.

இலாகாப் பங்கீட்டுக்கு அளவுகோல் உண்டா என்று கேட்டீர்கள். சமூகவியலாளர் வில்லியம் காம்சன் 1961இல் முன்வைத்த கருத்து, கூட்டணிக்கு ஒரு கட்சி கொண்டுவரும் இடங்களின் விகிதத்திலேயே அதற்குப் பதவிகளும் கிடைக்கும் என்பது. பின்னர் ஐரோப்பிய அமைச்சரவைகளை ஆராய்ந்தவர்கள் இது பெரும்பாலும் பொருந்துவதையும், சிறிய கட்சிகளுக்குத் தம் விகிதத்தைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைப்பதையும் கண்டார்கள். ஆகவே எத்தனை என்பதில் சண்டை குறைவு. எது என்பதில்தான் சண்டை. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியபின், புதிய பதவிகளை உருவாக்கிக் கொடுத்து அதிருப்தியைச் சமாளிக்கும் வழியும் குறுகியது. 2004 மே மாதத்தில் திமுக அமைச்சர்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகும், உறுதியளிக்கப்பட்ட துறைகள் வரவில்லை என்று கூறிச் சில நாட்கள் பொறுப்பேற்காமல் இருந்தது இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

பதில் 2

முந்தைய நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம் என்று கருதுகிறேன். கூட்டணி உடன்பாடு ஓர் அரசியல் வாக்குறுதி. அதை நிறைவேற்றித் தரும்படி எந்த நீதிமன்றத்தையும் நம்பியிருக்க முடியாது. ஆகவே மீறினால் மீறியவருக்கு என்ன இழப்பு என்பதை உடன்பாட்டுக்குள்ளேயே அமைத்துவிட்டால் மட்டுமே அது நிற்கும். முதல்வர் அல்லது பிரதமர் பதவியைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடுகளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது.

கர்நாடகத்தில் 2006 பிப்ரவரியில் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பாஜகவும் ஆளுக்கு 20 மாதங்கள் என்று பிரித்துக்கொண்டன. குமாரசாமியின் 20 மாதங்கள் 2007 அக்டோபரில் முடிந்தபோது பதவி கைமாறவில்லை. பிறகு சமரசம் ஏற்பட்டு நவம்பரில் எடியூரப்பா பதவியேற்றாலும், கூட்டாளிக் கட்சி ஆதரவு தராததால் ஒரு வாரத்தில் விலக நேர்ந்தது. இஸ்ரேலில் 2020இல் நெதன்யாகுவும் காண்ட்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2021 நவம்பரில் பிரதமர் பதவி காண்ட்ஸுக்கு வந்திருக்க வேண்டும். இடையில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால் காண்ட்ஸே பொறுப்பேற்பார் என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. ஆனால் பட்ஜெட் நிறைவேறாமல் கலைந்தால் அந்தப் பாதுகாப்பு செல்லாது என்ற இடைவெளியும் இருந்தது. ஈராண்டு பட்ஜெட் என்று எழுதியிருந்தும் ஓராண்டு பட்ஜெட் போதும் என்று ஒரு தரப்பு பிடிவாதம் பிடிக்க, 2020 டிசம்பரில் கெனெஸெட் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் தானாகவே கலைந்தது. நூறு வாசல்களை அடைத்துவிட்டு ஒன்றைத் திறந்து வைத்தால் அந்த ஒன்றின் வழியாகவே வெளியேறுவார்கள்.

இதற்கு நேர்மாறாக, அயர்லாந்தில் உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்தே எதிரெதிராக நின்ற ஃபியன்னா ஃபாயில், ஃபைன் கேல் கட்சிகள் பசுமைக் கட்சியுடன் சேர்ந்து 2020 ஜூனில் ஆட்சி அமைத்தன. 2022 டிசம்பர் 17 அன்று மிஹால் மார்ட்டின் விலகி லியோ வரத்கர் பிரதமரானார், சொன்னபடியே. அவர்கள் பண்பில் உயர்ந்தவர்கள் என்பதால் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை. உடன்பாடு முறிந்தால் வரக்கூடிய தேர்தல் எதிர்க்கட்சியான ஷின் ஃபேனுக்கே பலன் தரும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது முறைக்காகக் காத்திருப்பவர் கையில் ஏதாவது ஒரு பிடி இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வடக்கு அயர்லாந்தில் 1998 சமாதான உடன்பாடு இந்தப் பிடியைச் சட்டமாகவே ஆக்கியது. முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் கொண்டவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் தொடர முடியாது. பெரும்பாலான இலாகாக்களையும் டோண்ட் என்ற கணித முறைப்படி கட்சிகள் தம் முறை வரும்போது வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன, பேரத்துக்கு இடமில்லை. ஆனால் இதற்கு விலையும் உண்டு. 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் ஒரு தரப்பு விலகியதால் நிர்வாகமே முடங்கிக் கிடந்தது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. இழப்பு பற்றிய அச்சம்தான் கூட்டணியைக் கட்டிவைக்கிறது என்றால், ஜெர்மனியில் போல நூற்றுக்கணக்கான பக்கங்களில் உடன்பாடு எழுதுவதற்கு என்ன தேவை? இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன்: ஒரு சிறிய கட்சி அமைச்சரவையில் சேர்வது நல்லதா, வெளியில் இருந்து ஆதரவு தருவது நல்லதா?

பதில் 3

ஜெர்மன் உடன்பாடுகளைப் படித்துப் பழகியவன் என்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதில் 2இல் உள்ள கருத்து பாதி உண்மை. அச்சம் கூட்டணி உடைவதைத் தள்ளிப்போடும். ஆனால் அன்றாடம் அரசு நடப்பதற்கு அச்சம் போதாது. ஒரு மசோதா அமைச்சகத்திலிருந்து வரும்போது அது ஒப்புக்கொண்ட விஷயமா, இல்லையா என்று பார்ப்பதற்கு எழுதிய வாசகம் வேண்டும். எழுதும் வேலையிலேயே எங்கே உண்மையில் முரண்படுகிறோம் என்பதும் வெளிப்படுகிறது. 2017 செப்டம்பர் தேர்தலுக்குப் பின் நான்கு கட்சிகள் வாரக்கணக்கில் பேசியும் நவம்பர் 19 இரவு எஃப்டிபி என்ற தாராளவாதக் கட்சி வெளியேறியதால் அந்த முயற்சி முறிந்தது. அது வீணான உழைப்பு என்று பலர் எழுதினார்கள்; பதவியேற்ற பிறகு ஆறு மாதத்தில் முறிவதைவிட அது நாட்டுக்கு நல்லது என்பது என் கருத்து. பின்னர் சமூக ஜனநாயகக் கட்சி தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 66 சதவீத ஆதரவு பெற்ற பிறகுதான் 2018 மார்ச்சில் மெர்கெல் மீண்டும் அரசின் தலைவராக, அதாவது சான்சலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைவர்கள் மட்டும் கையெழுத்திட்ட உடன்பாட்டைவிட, தொண்டர்கள் வாக்களித்து ஏற்ற உடன்பாட்டை மீறுவது கடினம்.

பக்கங்களின் எண்ணிக்கையைவிட, சில வழக்கமான பிரிவுகளே அந்த ஆவணங்களில் வேலை செய்கின்றன. நாடாளுமன்றத்தில் கூட்டணிக் கட்சிகள் ஒன்றாகவே வாக்களிக்கும், வேறு கட்சிகளோடு சேர்ந்து மாற்றுப் பெரும்பான்மை தேடாது என்பது ஒன்று. கருத்து வேறுபாடு எழுந்தால் கட்சித் தலைவர்கள் அடங்கிய கூட்டணிக் குழு கூடி முடிவெடுக்கும் என்பது மற்றொன்று. மாநில அளவில் இன்னொரு பயனுள்ள ஏற்பாடும் உண்டு: மாநில அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் மேலவையில் மாநிலத்தின் வாக்கு குறித்துக் கூட்டாளிகள் உடன்படாவிட்டால் அந்த மாநிலம் வாக்களிக்காமல் விலகி நிற்கும்.

ஆனால் எழுத்தால் எல்லாவற்றையும் மூட முடியாது. 2021இன் மூன்று கட்சி உடன்பாடு 177 பக்கங்கள் கொண்டது. கடன் வரம்பைக் காப்போம், வரியை உயர்த்த மாட்டோம், பருவநிலை முதலீட்டையும் பெருக்குவோம் என்ற மூன்றும் அதில் ஒன்றாக நின்றதற்குக் காரணம், பெருந்தொற்றுக் காலத்தில் பயன்படுத்தாத 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு மாற்றிவிடலாம் என்று நம்பியதே. 2023 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் மூன்று வாக்குறுதிகளில் ஏதாவது ஒன்றை யாராவது கைவிட்டாக வேண்டும், யாரும் விடவில்லை. 2024 நவம்பர் 6 அன்று சான்சலர் ஷோல்ஸ் நிதியமைச்சர் லிண்ட்னரை நீக்க, கூட்டணி முடிந்தது. உடன்பாட்டைப் படிப்பவர்கள் "பணம் எங்கிருந்து வரும்" என்ற பகுதியை முதலில் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பதில் 4

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக. இந்தியாவில் 2004இல் இடதுசாரிக் கட்சிகள் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தின் அடிப்படையில் வெளியில் இருந்து ஆதரவளித்தன. கருத்து வேறுபாடுகளைப் பேச ஒருங்கிணைப்புக் குழுவும் இருந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாடு அந்தச் செயல்திட்டத்தில் இல்லாத விஷயம். அமைச்சரவையில் இல்லாததால் அதைத் தடுக்க ஆதரவை விலக்கிக்கொள்வதைத் தவிர அவர்கள் கையில் கருவி இல்லை. 2008 ஜூலையில் அதையும் பயன்படுத்தினார்கள். ஜூலை 22 அன்று அரசு 275-256 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. ஒரே ஒரு முறை மட்டுமே பயன்படும் கருவியை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை இதில் காணலாம்.

உள்ளே போனால் வேறு ஆபத்து. 2010இல் கல்விக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று மாணவர்களிடம் உறுதியளித்திருந்த லிபரல் டெமாக்ரட்டுகள், தாங்கள் வாக்கெடுப்பில் விலகி நிற்கலாம் என்ற சலுகையைக் கூட்டணி உடன்பாட்டில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆனால் அத்துறையின் அமைச்சரே அவர்கள் கட்சிக்காரர். டிசம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என்று மூன்றாகப் பிரிந்தார்கள். 2015 தேர்தலில் 57 இடங்கள் 8 ஆகச் சுருங்கின. எந்த விஷயத்தில் வாக்கு கொடுத்தோமோ அந்தத் துறையைக் கேட்டு வாங்குவது சிறிய கட்சிக்கு எப்போதும் லாபமல்ல.

நியூசிலாந்தில் இடைப்பட்ட வழி ஒன்று உள்ளது. 2017இல் 56 இடங்கள் பெற்ற நேஷனல் கட்சி வெளியே நிற்க, 46 இடங்கள் பெற்ற தொழிற்கட்சி நியூசிலாந்து ஃபர்ஸ்டை அமைச்சரவைக் கூட்டாளியாகச் சேர்த்து அரசு அமைத்தது. பசுமைக் கட்சியோ நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் மட்டும் ஆதரவு என்று எழுதிக்கொடுத்து, அமைச்சரவைக்கு வெளியே அமைச்சர் பதவிகளைப் பெற்றது. தன் துறைகளில் அரசின் முடிவுக்குக் கட்டுப்படும், மற்றவற்றில் மாறுபட்டுப் பேசலாம். 2020 தேர்தலில் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் ஓர் இடமும் பெறவில்லை. பசுமைக் கட்சி 8இலிருந்து 10 இடங்களுக்கு உயர்ந்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், எந்தெந்த விஷயங்களில் அரசோடு மாறுபடலாம் என்பதைப் பதவியேற்கும் முன்பே எழுதி வாங்கும்படிதான் சிறிய கட்சிகளுக்கு நான் சொல்வேன்.