ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாடு: வெயிலை எப்படிச் சமாளிப்பது?

வேலூர்க்காரன்:
வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் லாஸ் வேகாஸ் போகிறேன். முதலில் ஆபீஸ் செலவில் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாடு, அது முடிந்த கையோடு சொந்தச் செலவில் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாடு. முன்னது மாண்டலே பே ஓட்டலில், பின்னது கன்வென்ஷன் சென்டரில். நடுவில் ஒரு ஓட்டல் பார்த்துத் தங்கினால் இரண்டுக்கும் நடந்தே போய்வரலாம் என்று நினைக்கிறேன், மேப்பில் பக்கத்தில்தான் தெரிகிறது. வெயில் வெயில் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான், 42 டிகிரி எல்லாம் பார்த்தாச்சு, அதைவிட என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? கடைசி நாள் கார் எடுத்துக்கொண்டு டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்குப் போய்வரலாமா? நான் சைவம்.

பாலைக்குடி:
தம்பி, நடக்கிற திட்டத்தை முதலில் விடுங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் 5 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஓட்டல்கள் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம், சாலையைக் கடக்க நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும், பக்கத்து ஓட்டல் என்று கிளம்பினால் இருபது நிமிடம் போய்விடும். எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டல் பக்கம் அறை பாருங்கள். அங்கிருந்து மோனோரயில் நேராக கன்வென்ஷன் சென்டர் போகிறது. மாண்டலே பேக்கு மோனோரயில் கிடையாது, ஆனால் மேம்பாலத்தில் எக்ஸ்காலிபர் ஓட்டல் வரை நடந்துவிட்டால் அங்கிருந்து இலவச டிராம் உண்டு. விமான நிலையத்துக்கு இரண்டுமே போகாது, டாக்ஸிதான். அறை வாடகையைப் பார்க்கும்போது ஓட்டல்கள் வாடகைக்கு மேல் வாங்கும் ரிசார்ட் கட்டணமும் சேர்ந்த தொகையா என்று பாருங்கள், ஆபீஸில் பில் போடும்போது தகராறு வரும்.

வெயில் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், நம் ஊர் அனுபவம்தான் அங்கே ஆபத்து. வேலூரில் வேர்த்துக் கொட்டும், சட்டை ஒட்டும், உடம்பே நிழலுக்குப் போ என்று சொல்லிவிடும். வேகாஸில் காற்றில் ஈரமே இல்லாததால் வேர்வை வெளியே தெரிவதற்குள் காய்ந்துவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், மாலையில் பார்த்தால் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது, நமக்குத் தெரியவே இல்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், உப்புச் சேர்ந்த ஏதாவது குடியுங்கள். ஆகஸ்டில் பகலில் 40 டிகிரி சாதாரணம். 2024 ஜூலை 7ஆம் தேதி 48.9 வரை போனது, அந்த ஊரின் உச்சம் அதுதான். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம், தரையும் சுவரும் வெகுநேரம் அனலடிக்கும்.

கோடைமேகம்:
உள்ளே இதற்கு நேரெதிர், அரங்குகளில் ஏசி அப்படிக் குளிரும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம், வாசலின் வைத்துக்கொள்ளுங்கள்.

டெத் வேலி வேண்டாம் சகோ. 1913இல் 56.7 டிகிரி பதிவான இடம் அது. போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், பூங்காவில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது, கடும் வெப்பத்தில் மீட்பு ஹெலிகாப்டர்கூடப் பறக்க முடியாமல் போவதுண்டு. காலை பத்து மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. தனியாகப் போகிற இடமே இல்லை. அதற்குப் பதில் சார்ல்ஸ்டன் மலைக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான், மேலே பைன் மரங்களும் நல்ல குளிர்ச்சியும் இருக்கும். மேகம் கட்டினால் மட்டும் கவனம். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையும் வெள்ளமும் வரும், ரோட்டில் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதீர்கள்.

வேலூர்க்காரன்:
நன்றி இருவருக்கும். டெத் வேலியை விட்டாச்சு. சாப்பாடு? டெஃப்கான் உள்ளே போகத் தரும் பேட்ஜுக்கு வரிசை நீளமாமே?

பாலைக்குடி:
வரிசைக்கு லைன்கான் என்று பெயரே வைத்துவிட்டார்கள், பக்கத்தில் நிற்பவரோடு பேசிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. வாசலில் வாங்குவதானால் ரொக்கமாக டாலர் வேண்டும், கார்டை நம்பாதீர்கள். சாப்பாட்டுக்கு இந்தியக் கடைகள் இருக்கின்றன, ஆனால் பகலில் வெளியே போய்வர நேரம் கிடைக்காது. சிபோட்லே என்ற மெக்சிகன் உணவுக் கடையில் சோறும் பீன்ஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். காலி பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். அப்புறம், நீச்சல் குளத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்காதீர்கள், வெறுங்காலில் தரையை மிதித்துத் தோல் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அங்கே ஒவ்வொரு கோடையிலும் உண்டு.