புதுப்பிப்பு: பழைய ஊருக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்

ஒன்பது வருடம் குடியிருந்த நகரத்துக்கு நான்கு நாள் போகிறேன், எதைப் பார்ப்பது, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதல் நாள் பட்டியல் எதுவும் வேண்டாம், சும்மா நடங்கள்" என்ற யோசனைதான் உண்மையில் கைகொடுத்தது. பழைய வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, வேலைக்குக் கிளம்பும் அதே காலை நேரத்தில் நடந்தேன். வரைபடத்தைத் திறக்கவே இல்லை, திருப்பங்கள் காலுக்கே தெரிந்திருந்தன. நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் நடைபாதைக் கல் ஒன்று ஆடும். இன்னும் ஆடுகிறது! மிதித்ததும் கண் கலங்கிவிட்டது. 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதித்தான் உருவாக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். மாடியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டாமல் திரும்பியது சரி என்றே படுகிறது.

அப்புறம், அங்கே இருந்தவரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத அருங்காட்சியகத்தில் அரை நாள் இருந்தேன். போகிறவர்கள் விடுமுறை நாளை முன்பே பாருங்கள், பல ஊர்களில் திங்கள்கிழமை மூடியிருக்கும். நண்பர்களுக்கு ஒரே ஒரு மாலையை ஒதுக்கியதுதான் தவறு. பேச்சு பாதியில் நிற்க, கடைசிப் பேருந்துக்கு ஓடினேன். அடுத்த முறை இரண்டு மாலை.