தம்பி அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதலாமா?

நிலாமதி:
என் தம்பிக்கு 26 வயது. அரசுப் பாதுகாப்புப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறான். எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும் முடிந்துவிட்டன, பின்னணி விசாரணைப் படிவம்தான் பாக்கி. அதில் கேட்கிறார்கள்: போதைப்பொருள் பயன்படுத்தியது உண்டா? வாங்கியது, விற்றது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது உண்டா?

19 வயதில் கஞ்சாவில் தொடங்கி, 21 வயதில் மாத்திரைவரை போனவன் அவன். மறுவாழ்வு மையத்தில் 3 மாதம் இருந்தான். அதற்கப்புறம் 5 ஆண்டுகளாகத் தொட்டதில்லை. வழக்கு எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் ‘இல்லை என்று எழுதிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது’ என்கிறார்கள். நேற்று இரவு அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தான். பார்க்கப் பொறுக்கவில்லை. என்ன எழுதச் சொல்வது? இப்படி இருந்தவனுக்கு இந்த வேலை சரிதானா?

இரவுக்காவல்:
உண்மையை எழுதச் சொல்லும்மா. ஆனால் எழுதினாலும் அவனை எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. கோபப்படாதே, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

பறிமுதல் செய்த சரக்கு வைக்கும் கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே எல்லாமே முத்திரையும் எடையும்தான். ஒரு நாள் ஒரு பொட்டலத்தின் எடை குறிப்பேட்டில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. முத்திரை அரக்கின் ஓரத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, உருக்கித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். எடுத்தவன் என்னோடு இரவுப்பணி பார்த்த பையன். பழக்கத்தை விட்டு 4 வருஷம் ஆனவன். மறுவாழ்வு மையம் போனதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நல்ல பையன் என்றுதான் எடுத்தோம். அவன் எடுத்த சிட்டிகையால் ஒரு கடத்தல் வழக்கே நீதிமன்றத்தில் நிற்காமல் போனது. சாட்சிப்பொருள் கலைந்துவிட்டது என்று சொல்லிக் கடத்தியவன் வெளியே வந்துவிட்டான்.

தெளிநீர்:
ஐயா, அந்தக் கிடங்கு விஷயம் வலிக்கிறது. நான் போதை மீட்பு ஆலோசகர். மீண்டும் விழுவது நடக்காது என்று நான் சொல்லவே மாட்டேன். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனமே 40 முதல் 60 சதவீதம் பேர் திரும்ப விழுகிறார்கள் என்கிறது. அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது: ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் சிகிச்சையை விட்டு நழுவுவதும் ஏறக்குறைய இந்த அளவுதான். இரண்டு மாதம் விட்டவனையும் ஐந்து வருஷம் விட்டவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காலம் போகப் போக அந்த ஆபத்து குறைகிறது.

விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. முன்பு 3 ஆண்டுகளுக்குள் கஞ்சா பயன்படுத்தியவர்களை எடுக்காது. 2021ல் அதை 1 ஆண்டாகக் குறைத்தது. மற்ற போதைப்பொருள்களுக்கு 10 ஆண்டு. ரகசியப் பணிக்கான அமெரிக்கப் படிவமும் பொதுவாகக் கடந்த 7 ஆண்டுகளைத்தான் கேட்கிறது. அதில் பொய் எழுதினால் 5 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். பழக்கத்துக்குக் காலக்கெடு வைத்திருக்கிறார்கள், பொய்க்கு அப்படி ஒரு சலுகை இல்லை.

இரவுக்காவல்:
அந்த அமெரிக்காவிலேயே எட்வர்ட் லீ ஹோவர்டு என்று ஒருவர் இருந்தார். 1981ல் அவர்களின் வெளிநாட்டு உளவுத்துறையான சி.ஐ.ஏ.வில் சேர்ந்தார். முன்பு போதைப்பொருள் பயன்படுத்தியதைச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். மாஸ்கோவுக்கு அனுப்பப் பயிற்சியும் கொடுத்தார்கள். 1983ல் பொய்யறியும் சோதனையில் பழக்கம், சின்னத் திருட்டு எல்லாம் வெளியே வந்து வேலை போனது. அப்புறம் சோவியத் உளவுத்துறையிடம் ரகசியங்களைக் கொடுத்தார். 1985ல் அமெரிக்காவிலிருந்து தப்பியவர், பின்னர் மாஸ்கோவுக்கே போய்விட்டார். உண்மையைச் சொன்னவர்தானே அவர்?

தெளிநீர்:
அதே கதையைத்தான் நானும் சொல்ல இருந்தேன், ஐயா. மாஸ்கோவில் யார் யார் சி.ஐ.ஏ.வுக்கு வேலை செய்கிறார்கள் என்பதுவரை ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரே நாளில் வாசலில் நிறுத்தினார்கள். கையில் வேலை இல்லை, மனசில் ஆத்திரம், குடி. அவரை எடுத்தது தவறா, எடுத்த பிறகு கவனிக்காமல் விட்டது தவறா, கைகழுவிய விதம் தவறா? என்னைக் கேட்டால் கடைசி இரண்டும்தான்.

அதே சி.ஐ.ஏ.வில் அதிகாரியாக இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸையும் பாருங்கள். சட்டப்படியான மதுதான். மதியம் குடித்துவிட்டு மேசையில் தூங்குவார் என்பது அலுவலகத்துக்கே தெரியும். 1985 முதல் 1994ல் பிடிபடும்வரை சோவியத்துக்கும், பின்னர் ரஷ்யாவுக்கும் ரகசியம் விற்றார். இடையில் இரண்டு முறை பொய்யறியும் சோதனையிலும் தேறினார். அவரால் குறைந்தது 10 பேர் உயிர் போனது.

நேர்கோடு:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் இருவரும் நுகர்ந்தவனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கடத்தல்காரனுக்குத் தேவை போதையில் கிடக்கிற காவலாளி இல்லை, தெளிவாக இருந்து கதவைத் திறந்துவிடுகிற அதிகாரி. மெக்சிகோவில் கெனாரோ கார்சியா லூனா 2006 முதல் 2012 வரை பொதுப் பாதுகாப்புத் துறைச் செயலாளர். போதைக் கும்பல்களுக்கு எதிரான போருக்கே அவர்தான் முகம். சினலோவா கும்பலிடம் லஞ்சம் வாங்கியதாக 2023ல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி என்றது, 2024ல் 38 ஆண்டுக்கு மேல் தண்டனை. அமெரிக்காவின் போதைத் தடுப்புத் துறையிலேயே ஹோசே இரிசாரி என்ற அதிகாரி கொலம்பியக் கும்பலின் பணத்தை வெள்ளையாக்கிக் கொடுத்து 2021ல் 12 ஆண்டுக்கு மேல் சிறை பெற்றார். சிறுநீர்ப் பரிசோதனையில் பேராசை தெரியாது. கொக்கெயினே சில நாள்தான் தெரியும், முடியில் பார்த்தால் சுமார் 3 மாதம். இவர்களின் கடனையும் சொத்தையும் துருவியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இரவுக்காவல்:
லஞ்சம் வாங்குகிறவன் இருக்கிறான் என்பதற்காகப் பலவீனம் உள்ளவனையும் உள்ளே விட வேண்டுமா? ஒரு ஓட்டை இருந்தால் இன்னொரு ஓட்டையும் போட்டுக்கொள்வதா? சரி, தங்கச்சிக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று கேட்கிறேன். படிவத்தில் ‘கொண்டுபோய்க் கொடுத்தது உண்டா’ என்றும் இருக்கிறதே. அதற்கு அவன் பதில் என்ன?

நிலாமதி:
அதை எழுதாமல் விட்டிருந்தேன். இன்று காலை அவனிடமே கேட்டேன். இரண்டு முறை நண்பனுக்காகப் பொட்டலம் எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறான். பணம் வாங்கவில்லை. கொடுத்தனுப்பியவன் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறானாம். போன மாதம் கூப்பிட்டு, ‘பெரிய வேலைக்குப் போகிறாயாமே’ என்று விசாரித்திருக்கிறான். தம்பிக்கு அன்றிலிருந்துதான் தூக்கமில்லை.

தெளிநீர்:
நிலாமதி, இதுதான் முக்கியம். கஞ்சாவைவிட, மாத்திரையைவிட இது பெரிது. ‘இல்லை’ என்று எழுதிய நாளிலிருந்து அந்த நண்பன்தான் உங்கள் தம்பிக்கு மேலதிகாரி. முதலில் ‘எந்த வண்டியைச் சோதிக்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்பான். ‘ஆம்’ என்று எழுதிவிட்டால் அவன் கையில் பிடி இல்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடத்திக் கொடுத்தவர்களை எஃப்.பி.ஐ. மாதிரி சில துறைகள் எடுப்பதே இல்லை, எத்தனை ஆண்டு ஆனாலும். வேலை கிடைக்காமலே போகலாம்.

இரவுக்காவல்:
இதில் தெளிநீர் சொல்வதோடு எனக்கு வாதம் இல்லை. 1970களில் கிறிஸ்டோபர் பாய்ஸ் என்ற இளைஞன் உளவுச் செயற்கைக்கோள் ரகசியங்கள் இருந்த நிறுவனத்தில் வேலை பார்த்தான். அவன் பள்ளிக்கால நண்பன் போதைப்பொருள் விற்றவன். அந்த நண்பன்தான் ரகசியங்களை மெக்சிகோ நகரத்து சோவியத் தூதரகத்துக்குக் கொண்டுபோனான். 1977ல் இருவரும் பிடிபட்டார்கள். நான் நட்பைப் பார்த்துப் பயப்படுகிறவன், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

தெளிநீர்:
ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? கிடங்கில் அந்தப் பையன் திரும்ப விழுவதற்கு முன் யாரிடமாவது சொல்ல வழி இருந்ததா? சொன்னால் வேலை போகாது, வேறு இடத்துக்கு மாற்றிச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள் என்று ஏதாவது?

இரவுக்காவல்:
இல்லை. சொன்னால் அன்றே வேலை போகும், அவ்வளவுதான். எடை குறைவதற்கு இரண்டு வாரம் முன்னால் பணி மாறும் நேரத்தில் வந்து, ‘அண்ணா, ஒரு விஷயம் பேசணும்’ என்றான். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பேசலாம் என்றேன். மறுநாள் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் என் முடிவு மாறவில்லை. அவனைக் கிடங்கில் போட்டது தப்பு, இன்றைக்கும் போட மாட்டேன். பசித்தவனைச் சோற்றுக்குக் காவல் வைப்பது அவனுக்கே செய்கிற கொடுமை. உன் தம்பியை எடுத்தாலும் சரக்கு இருக்கும் இடத்தில் போடக் கூடாது. அதை அவனே கேட்டு வாங்க வேண்டும்.

நிலாமதி:
இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதிவிட்டான். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறான், உண்மையில் பரவாயில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. விவரம் எழுதக் கீழே நாலு வரி இடம் இருக்கிறது. அதில்தான் இப்போது நிற்கிறான்.

இரவுக்காவல்:
வருத்தம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். எந்த மாதம், எந்த வருஷம், என்ன பொருள், எத்தனை முறை, கடைசியாக எப்போது. மையத்தில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி. கொடுத்தனுப்பியவன் போன மாதம் கூப்பிட்டதையும் எழுதச் சொல். ‘ஒரு நண்பர்’ என்று விடக் கூடாது, பெயரை எழுத வேண்டும். நாலு வரி போதாவிட்டால் தனித்தாள் இணைத்து, அதிலும் கையெழுத்துப் போடச் சொல்.