எத்தனை இதழ் என்று கேட்டேன், எதுவரை என்று கேட்கவில்லை

சுயநிதிப் பொறியியல் கல்லூரி நூலகர்:

போன முறை சந்தா புதுப்பிக்கும்போது, ஆய்விதழ்க் கட்டுரைகளை இணையத்தில் தரும் இரண்டு தரவுத்தளங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒன்றின் பிரதிநிதி வந்து, முழுக்கட்டுரை கிடைக்கும் இதழ்கள் எங்களிடம்தான் அதிகம், விலையும் குறைவு என்றார். முதல்வருக்கு அதுவே போதுமாயிருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு இதழ்ப் பட்டியல்களையும் எக்செல்லில் வாங்கி, ஐஎஸ்எஸ்என் (ஒவ்வொரு இதழுக்கும் உரிய அடையாள எண்) வைத்து ஒப்பிட உட்கார்ந்தேன்.

முதல் நாள் கணக்கு முழுக்கக் குளறுபடி. இரண்டிலும் பொதுவாக இருக்கும் இதழ்கள் சொற்பம் என்று வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு பட்டியலில் அச்சு எண், மற்றதில் மின்னிதழ் எண். 'நேச்சர்' இதழுக்கே அச்சில் 0028-0836, இணையத்தில் 1476-4687. போதாக்குறைக்கு நடுக்கோட்டை நான் எடுத்துவிட, முன்னால் நின்ற பூஜ்யங்களை எக்செல் தின்றுவிட்டது. எல்லாம் சரிசெய்து பார்த்தால் பாதிக்கு மேல் இரண்டிலும் இருப்பவைதான்.

வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசை, தலைப்பு 'எம்பார்கோ'. எங்கள் மெக்கானிக்கல் துறை கேட்கும் இதழ்கள் பலவற்றுக்கு நேராக 12 மாதம் என்று இருந்தது. அதாவது போன வருடக் கட்டுரைதான் இன்று திறக்கும். புதியவற்றுக்குச் சுருக்கம் மட்டும். கேட்டதற்கு, "அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே மேடம்" என்றார் பிரதிநிதி. (எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.) விலை கூடுதலானாலும் மற்றதையே வைத்துக்கொண்டோம்.

அரசு உதவி பெறும் கல்லூரி நூலகர்:

வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்க டிரயல் எந்த மாதம் கொடுத்தார்கள் மேடம்? எங்களுக்கு மே மாதம். கல்லூரியில் வாட்ச்மேனும் நானும்தான்.

என்னை ஏமாற்றியது பயன்பாட்டு அறிக்கை. சில தளங்களில் கட்டுரையைச் சொடுக்கினால் முதலில் எச்டிஎம்எல் திறக்கும், பிறகு மாணவர் பிடிஎஃப் இறக்குவார். கவுண்டர் என்ற பொதுத் தரப்படி வரும் அந்த அறிக்கையில் 'டோட்டல்' கணக்கில் அது இரண்டு, 'யூனிக்' கணக்கில் ஒன்று. நான் இரண்டு வருடமாகச் சந்தாத் தொகையை முதல் எண்ணால் வகுத்து, ஒரு கட்டுரைக்கு ஆகும் செலவு குறைவு என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அரசுக் கல்லூரி, தமிழ்த்துறை:

2025 ஜனவரியில், அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தரும் மத்திய அரசுத் திட்டமான 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது. 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். அறிவியல் துறைக்காரர்களின் சண்டை ஓய்ந்தது. எங்கள் கவலை வேறு. சங்கம் என்பதை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டுத் தேடினால் ஒரு குவியல். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி ஆங்கில 'சி' போட்டுத் தேடினால் இன்னொரு குவியல். புதுத் தளம் எது வந்தாலும் தொல்காப்பியத்தை 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் தேடிப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால், பொருள்தலைப்பை (கட்டுரை எதைப் பற்றியது என்று தளம் இடும் தலைப்பு) யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரி நூலகர்:

எங்களுக்கும் மே மாதம்தான் சார்.