அவசர உதவி: கட்டுரையில் போட்டிருக்கும் சராசரி வரவே மாட்டேன் என்கிறது

நீலப்பென்சில்:
வணக்கம். முதுகலை உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். பதில்கள் 1 முதல் 7 வரை, முழு எண்கள்தான். ஒரு குழுவின் சராசரி 3.47 என்று இருக்கிறது. ஒரு மாணவி எழுந்து, "இந்த எண் வரவே வராது" என்கிறார். நானும் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. தப்பு எங்கள் கணக்கிலா, கட்டுரையிலா? நாளை காலை வகுப்பு.

படிக்கட்டு:
குழுவில் எத்தனை பேர்? அதைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

இருமுனை:
என் அனுபவத்தில் முதலில் பார்க்கவேண்டியது பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு. இரு திசையிலும் வித்தியாசம் தேடும் இருமுனைச் சோதனையிலிருந்து, ஒரு திசையில் மட்டும் தேடும் ஒருமுனைச் சோதனைக்குச் சொல்லாமல் மாறியிருப்பார்கள். சோதனையில் வரும் டி எண் 1.82, டி.எஃப் (சுதந்திரப் பாகை) 21 என்றால் இருமுனையில் பி 0.08, ஒருமுனையில் 0.04. வழக்கமான எல்லை 0.05 என்பதால் முடிவே மாறிவிடும். பி மதிப்புகளைத் திரும்பக் கணக்கிடும் ஸ்டாட்செக் மென்பொருளால் 2016இல் செய்த பெரிய ஆய்வில் பாதிக் கட்டுரைகளில் ஒரு பி மதிப்பாவது பொருந்தவில்லை. உங்கள் கட்டுரையில் பி எவ்வளவு?

படிக்கட்டு:
அவர் கேட்பது சராசரியைப் பற்றி.

மூலபாடம்:
புள்ளியியல் கற்பிப்பவர் இதைக் கேட்கலாமா? இதற்குப் பெயர் கிரிம் சோதனை. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் கொண்டுவந்தது. முழு எண்களைக் கூட்டி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எல்லாத் தசமமும் கிடைக்காது. உங்கள் மாணவிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

நீலப்பென்சில்:
அவசரத்தில் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். 23 பேர். 79ஐ 23ஆல் வகுத்தால் 3.43, 80ஐ வகுத்தால் 3.48. நடுவே ஒன்றும் இல்லை.

மணற்கடிகை:
23 பேருமே பதில் சொன்னார்களா? சிலர் கேள்வியை விட்டிருப்பார்கள், அட்டவணையில் மொத்த எண்ணிக்கையை மட்டும் போட்டிருப்பார்கள். நான் இறங்கு வரிசையில் போட்டுப் பார்த்தேன். 22, 21, 20 ஒத்துவரவில்லை. 19 வருகிறது: 66ஐ 19ஆல் வகுத்தால் 3.47. நான்கு பேர் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படிக்கட்டு:
அது ஒரு வாய்ப்பு மட்டுமே. இது ஒரே கேள்வியா, பல கேள்விகளின் சராசரியா? பல கேள்விகள் என்றால் 23ஐ அந்த எண்ணிக்கையால் பெருக்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

தேநிலா:
இதற்குத்தான் மாணவர்களிடம் உளவியல் கட்டுரை எதையும் நம்பாதீர்கள் என்கிறேன். 2015இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் (பி 0.05க்குக் கீழே) காட்டியவை. மறுமுறை 36 சதவீதம்தான் தேறியது.

படிக்கட்டு:
எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தால் அந்த மாணவி 80ஐ 23ஆல் வகுத்தே பார்த்திருக்க மாட்டார். எல்லாம் பொய் என்று முடிவான பிறகு கணக்குப் போட யாருக்கு மனம் வரும்? சந்தேகம் ஒரு குறிப்பிட்ட எண்ணின்மேல் இருக்கவேண்டும்.

தேநிலா:
எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஆய்வின் வடிவமே பலவீனமாக இருந்தால் சராசரி சரியாக வந்து என்ன பயன்?

மூலபாடம்:
இருவரும் வீணாக வாதிடுகிறீர்கள். ஆசிரியர்களுக்கு எழுதி மூலத் தரவைக் கேட்டால் முடிந்தது.

மணற்கடிகை:
கேட்டால் கொடுப்பார்களா? 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 141 கட்டுரைகளுக்குத் தரவு கேட்டு எழுதினார்கள். 73 சதவீதம் ஆசிரியர்கள் தரவில்லை. கேளுங்கள், ஆனால் நாளை காலைக்குள் பதில் வராது. அப்புறம், "உங்கள் எண் தப்பு" என்று தொடங்காமல் "பதில் சொன்னவர்கள் எத்தனை பேர்" என்று கேளுங்கள்.

இருமுனை:
பி மதிப்பை இன்னும் யாரும் சொல்லவில்லை.

நீலப்பென்சில்:
வகுப்பு முடிந்தது. செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் இருந்தது: 4 கேள்விகளின் சராசரி. 23ஐ 4ஆல் பெருக்கினால் 92. 319ஐ 92ஆல் வகுத்தால் 3.467, அதாவது 3.47. கட்டுரை சரி. அந்த வரியை நான் மாணவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. மாணவி இப்போது இரண்டாவது குழுவைப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் இடிக்கிறதாம். எல்லோருக்கும் நன்றி.

படிக்கட்டு:
இரண்டாவது குழுவில் எத்தனை பேர்?