நின்டெண்டோவின் பழைய சிப் வியாபாரம்: சூத்திரமா, சூதாட்டமா?

கணக்கன் (காலை 9:12)

ஜப்பானின் நின்டெண்டோ இறக்கிய புது கேம் பெட்டியான ஸ்விட்ச் 2 பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நம் 'பழைய கேட்ரிட்ஜ்' நேற்று இங்கே ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "சோனி சிப்பை நம்பும், மைக்ரோசாப்ட் பணத்தை நம்பும், நின்டெண்டோ யோசனையை நம்பும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் ஒத்துவரவில்லை.

நின்டெண்டோவின் வீட்டு கன்சோல்களை, அதாவது டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். நின்டெண்டோ 64 விற்றது 3.29 கோடி; எதிரே சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல். கேம்க்யூப் 2.17 கோடி, பிளேஸ்டேஷன் 2 15 கோடியைத் தாண்டியது. அப்புறம் திடீரென்று வீ, 10.16 கோடி. அடுத்து வீ யூ, வெறும் 1.35 கோடி. பிறகு ஸ்விட்ச், 15 கோடிக்கு மேல். சூத்திரம் வைத்திருக்கிற கம்பெனியின் பேரேடு இப்படியா இருக்கும்?

1889-இல் கியோட்டோவில் ஹனஃபூடா சீட்டு விற்று ஆரம்பித்தவர்கள். இன்றைக்கும் சீட்டுதான் ஆடுகிறார்கள். கை நன்றாக வந்தால் நாம் அதற்கு உத்தி என்று பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

பழைய கேட்ரிட்ஜ் (காலை 10:05)

கணக்கன் சார், உங்கள் பட்டியலே எனக்குச் சாட்சி சொல்கிறது. நின்டெண்டோ 64-இன் சிப்பைச் செய்ய சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியைக் கூட்டிவந்தார்கள். கேம்க்யூப் பிளேஸ்டேஷன் 2-ஐ விட வலுவான இயந்திரம். இரண்டுமே "எங்களிடமும் பலம் இருக்கிறது" என்று தோள்தட்டிய கன்சோல்கள், இரண்டுமே அடி வாங்கின. பலத்தில் போட்டி போட்டபோது தோற்றார்கள். ஒதுங்கி வேறு வழியில் போனபோது ஜெயித்தார்கள்.

அந்த வேறு வழியைச் சொன்னவர் நின்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யோகோய். அவர் கொள்கையை "வாடிய தொழில்நுட்பத்துக்குப் பக்கவாட்டு யோசனை" என்று பெயர்க்கலாம். ஜப்பானிய மூலத்தில் 'வாடிய' என்ற சொல்லுக்கு மட்டம் என்று பொருள் இல்லை; அடிபட்டுத் தேறியது, இனி புதிதாகப் பழுதாக எதுவும் பாக்கி இல்லாதது என்று பொருள். விலை விழுந்திருக்கும், குணம் தெரிந்திருக்கும். அதை எடுத்து, இதுவரை யாரும் பயன்படுத்தாத இடத்தில் பயன்படுத்துவது. ரயிலில் ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சட்டைப்பை கேம் செய்தார். கால்குலேட்டர் திரைதான் அதற்கும் திரை.

1989-இல் கையடக்க கேம் பாய். கலர் இல்லை, பின்னொளி இல்லை, பச்சைப் பாசி நிறத்தில் ஒரு திரை. அடுத்த வருடமே போட்டி கம்பெனியான சேகா கலர் திரையும் பின்னொளியுமாக கேம் கியரை இறக்கியது. பார்த்தவர்கள் எல்லாம் கேம் பாய் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் கேம் கியருக்கு ஆறு பென் டார்ச் பேட்டரி, மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய்க்கு நாலே பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்ட எந்தப் பையனிடமும் கேளுங்கள், ஏன் ஜெயித்தது என்று சொல்வான். கலர் பதிப்பையும் சேர்த்து 11.87 கோடி.

கணக்கன் (காலை 10:48)

அருமையான கதை. இதே யோகோய் 1995-இல் 'வர்ச்சுவல் பாய்' செய்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் வாடிய தொழில்நுட்பம்தான். சிவப்பு எல்இடி மலிவு என்று சிவப்பை மட்டும் வைத்து முப்பரிமாணம் காட்டினார்கள். பார்த்தவனுக்குத் தலைவலி. ஏழே முக்கால் லட்சம்கூட விற்கவில்லை, ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டினார்கள். அடுத்த ஆண்டு யோகோய் கம்பெனியை விட்டே போனார்.

அப்புறம் வீ யூ. அதில் எந்த உச்சகட்ட சிப் இருந்தது? பலத்தில் போட்டி போடவில்லை, ஒதுங்கி வேறு வழியில்தான் போனார்கள், கண்ட்ரோலருக்குள் ஒரு திரையைப் புதைத்துக்கொண்டு. கடையில் வந்தவர்களுக்கு அது புது கன்சோலா, வீக்கு வாங்கும் உதிரி சாமானா என்பதே புரியவில்லை. இன்னொன்று: மலிவு மலிவு என்கிறீர்களே, வீ யூவை அடக்க விலைக்குக் கீழே விற்கப்போவதாக 2012-இல் தலைவர் இவாட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னார். சூத்திரத்தில் இது எங்கே வருகிறது?

நெய்தல் (மதியம் 12:20)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும்.

2008-இல் சிங்கப்பூரில் என் சித்தப்பா வீட்டில் வீ இருந்தது, ரிமோட்டைக் கையில் பிடித்து வீசியே ஆடும் கன்சோல். அறுபது தாண்டிய பெரியம்மா பௌலிங் ஆடினார். பந்தை விட பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். அவர் ரிமோட்டையே விட்டுவிட்டார். மணிக்கட்டில் கயிறு மாட்டியிருந்ததால் டிவி பிழைத்தது. (அந்தக் கயிறும் சும்மா வரவில்லை. முதலில் கொடுத்தது மெல்லிசாக அறுந்துபோய், 2006 டிசம்பரிலேயே தடித்த கயிறாக லட்சக்கணக்கில் மாற்றிக் கொடுத்தார்கள்.) அன்று ராத்திரி பத்து மணி வரை பெரியம்மா இறங்கவில்லை. வாழ்நாளில் அதற்கு முன் கண்ட்ரோலரைத் தொட்டதில்லை.

அந்த ரிமோட்டுக்குள் இருந்தது என்ன? அசைவை உணரும் சின்ன சிப். காரில் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று முடிவு செய்வதற்காக ஏற்கனவே லட்சக்கணக்கில் தயாரான அதே வகை. மூளை கேம்க்யூபின் வழிவந்தது. எச்டி படம்கூடக் கிடையாது. அதனால்தான் 250 டாலருக்கு விற்க முடிந்தது. வீ வந்த அதே 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது, 499-க்கும் 599-க்கும், அதையும் நஷ்டத்தில்.

கணக்கன் சார் எத்தனை தடவை விழுந்தார்கள் என்று எண்ணுகிறார். விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதையும் பாருங்கள். மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் எரிந்து இயந்திரங்கள் செத்தபோது, 2007-இல் வாரண்டிக்கு மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். மைக்ரோசாப்ட் என்பதால் தாங்கியது. பக்கத்தில் விண்டோஸ் இல்லாத கம்பெனி மலிவாகத்தான் பரிசோதிக்க முடியும்.

தூங்காதவன் (மதியம் 1:02)

பிளேஸ்டேஷன் 3 நஷ்டம் நஷ்டம் என்கிறீர்கள். அந்த நஷ்டத்துக்கு சோனி ஒன்றை வாங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் ப்ளூ-ரே பிளேயர் இருந்தது, 2008 பிப்ரவரியில் தோஷிபா ப்ளூ-ரேக்குப் போட்டியான எச்டி டிவிடி வட்டைக் கைவிட்டது. கடைசியில் 8.7 கோடி பெட்டியும் விற்றார்கள். தெரிந்தே விட்ட பணம் அது.

கணக்கன் (மதியம் 1:30)

தூங்காதவன் சரியாகப் பிடித்தார். பெட்டியை நஷ்டத்துக்குக் கொடு, கேமில் கமிஷன் எடு: இது ரேசரையும் பிளேடையும் போன்ற வியாபாரம். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்று லாபமே பார்த்ததில்லை என்று 2021-இல் ஆப்பிள்-எபிக் வழக்கில் மைக்ரோசாப்ட் அதிகாரியே சாட்சி சொன்னார். அழகாக இல்லை, ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று ஓரளவு தெரியும்.

நெய்தலின் பெரியம்மாவிடம் வருகிறேன். அவர் அடுத்து எந்த கேம் வாங்கினார்? நான் பந்தயம் கட்டுகிறேன், எதுவும் இல்லை. வீ கூட்டிவந்த அந்தப் புதுக் கூட்டம் ஐபோன் வந்ததும் அப்படியே கைப்பேசிக்குப் போய்விட்டது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நின்டெண்டோவுக்கு 4,320 கோடி யென் நஷ்டம். புது வாடிக்கையாளரைப் பிடிப்பது ஒரு திறமை. பிடித்தவரை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

நெய்தல் (மதியம் 1:41)

உண்மை. பெரியம்மா இப்போது போனில் மிட்டாய் உடைக்கிறார்.

பழைய கேட்ரிட்ஜ் (மாலை 4:15)

அந்த நஷ்ட வருடத்தையே எடுத்துக்கொள்வோம். கையடக்க 3டிஎஸ் 2011-இல் 250 டாலருக்கு வந்தது, நகரவில்லை. ஆறு மாதம் ஆவதற்குள் 170-க்கு இறக்கினார்கள். முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம்களைச் சும்மா கொடுத்தார்கள். இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ஆட்களை வெட்டவில்லை, நாளைக்கு வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவனால் மற்றவனை மகிழ்விக்கும் கேம் செய்ய முடியாது என்பது அவர் கட்சி. அந்த 3டிஎஸ் பிறகு 7.5 கோடி விற்றது.

சேகாவை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கன்சோலான ட்ரீம்காஸ்டுக்குள்ளேயே மோடம், வீட்டு கன்சோலில் இணையத்தை முதலில் பெட்டியோடு கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. யோசனைக்குப் பஞ்சமா? ஆனால் முந்தைய கன்சோல்களின் கடன் கழுத்தை நெரித்தது. 2001 மார்ச்சில் தயாரிப்பை நிறுத்தினார்கள். சாகக் கிடந்த நிலையில் சேகா தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்ததால்தான் கேம் எழுதும் சேகாவாவது மிஞ்சியது. யோசனை மட்டும் போதும் என்று நான் சொல்லவே இல்லை. யோசனையும், தோற்றாலும் கடை நடத்தக் கையில் காசும்.

கணக்கன் (மாலை 4:40)

நேற்று "யோசனையை நம்பும்", இன்று "யோசனையும் காசும்". நாளைக்கு இன்னொன்று சேரும் போலிருக்கிறது. :)

நெய்தல் (மாலை 6:30)

சேர்கிறது, நானே சேர்க்கிறேன். நீங்கள் இருவரும் தொடாமல் விட்டது கேம் எழுதுகிறவர்களை.

வீ யூ காலத்தில் நின்டெண்டோ இரண்டு கன்சோலுக்குத் தனித்தனியாக கேம் எழுதியது, வீட்டுக்கு வீ யூ, கைக்கு 3டிஎஸ். இரண்டு அடுப்பு, ஒரே சமையல்காரர். வீ யூ வாங்கியவர்கள் மாதக்கணக்கில் புது கேம் இல்லாமல் காய்ந்தார்கள். 2013-இல் கையடக்கக் குழுவையும் வீட்டு கன்சோல் குழுவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்விட்ச் என்ற பெட்டியின் பாதி யோசனை அந்த ஆபீஸ் மாற்றத்திலேயே இருக்கிறது: எடுத்துப் போனால் கையடக்கம், டாக் என்ற தாங்கியில் செருகினால் டிவி கன்சோல், கேம் ஒன்றே ஒன்று. சிப் கூட சிப் கம்பெனியான என்விடியா 2015-இலேயே அறிவித்த டெக்ரா எக்ஸ்1 தான்.

இப்போது மாரியோ கார்ட் 8 என்ற கார் பந்தய கேமைப் பாருங்கள். வீ யூவில் 84 லட்சம். அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017-இல் ஸ்விட்சில் போட்டார்கள், 6 கோடியைத் தாண்டிவிட்டது. பெட்டி தோற்றது, பெட்டிக்கு எழுதிய கேம் தோற்கவில்லை. யாருமே பார்க்காத படத்தை மறுபடி வெளியிட்டு வெள்ளிவிழா கொண்டாடிய மாதிரி. வீ யூ அப்படித் தோற்காமல் இருந்தால், ஸ்விட்சுக்கு முதல் வருடம் இவ்வளவு சரக்கு கிடைத்திருக்காது.

கணக்கன் (இரவு 8:10)

இதை ஏற்கிறேன். இந்த இழையில் எனக்குப் பிடித்த முதல் வாதம் இதுதான். ஆனால் இதற்கும் யோகோய்க்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் சொல்வது: நின்டெண்டோவின் சொந்த கேம்களான மாரியோவும் செல்டாவும் வேறு எந்தப் பெட்டியிலும் கிடைக்காது, அதனால் பெட்டி எப்படி இருந்தாலும் ஒரு கூட்டம் வரும், நல்ல பெட்டியாக அமைந்தால் ஊரே வரும். அதாவது பெட்டியை விட கேம்தான் வியாபாரம். சரி. அப்படியானால் வாடிய தொழில்நுட்பம், பக்கவாட்டு யோசனை எல்லாம் அலங்காரம்.

பழைய கேட்ரிட்ஜ் (இரவு 8:52)

அலங்காரம் இல்லை. வீ யூவிலும் அதே மாரியோதான் இருந்தது, 1.35 கோடிக்கு மேல் யாரும் வரவில்லையே. அந்த கேம் ஊரைக் கூட்ட, படுக்கையிலும் பேருந்திலும் ஆடக்கூடிய பெட்டி வேண்டியிருந்தது. அந்தப் பெட்டிக்கு விலை குறைந்த, சூடாகாத சிப் வேண்டியிருந்தது. அங்கேதான் யோகோய் வருகிறார்.

கணக்கன் (இரவு 9:20)

அப்படியென்றால் ஸ்விட்ச் 2-ஐ என்ன செய்வீர்கள்? 2025 ஜூனில் 450 டாலர். என்விடியாவிடம் சொல்லிச் செய்த சிப், பெரிய திரை, 4கே. புதிய மாரியோ கார்ட் தனியாக 80 டாலர். பெட்டியில் புது யோசனை என்று பார்த்தால் கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி நகர்த்தும் கண்ட்ரோலர் ஒன்று. மற்றபடி பழைய ஸ்விட்சே, பலம் கூடியது. உங்கள் கொள்கைப்படி இது கேம்க்யூப் ஜாதி, தோற்றிருக்க வேண்டும். நாலே நாளில் 35 லட்சம் விற்றது.

பேட்டரியையும் பார்த்துவிட்டேன். இரண்டிலிருந்து ஆறரை மணி நேரம் என்று நின்டெண்டோவே போட்டிருக்கிறது. காலையில் நீங்கள் கேம் கியருக்குச் சொன்ன கணக்கு இதைவிடப் பெரிதாக வித்தியாசப்படவில்லை, சார்.

பழைய கேட்ரிட்ஜ் (இரவு 9:31)

இப்போது வீட்டுக்கு வீடு சார்ஜர் இருக்கிறது. அப்பாவிடம் காசு கேட்க வேண்டியதில்லை.

கணக்கன் (இரவு 9:33)

80 டாலர் கேமுக்கு யாரிடம் கேட்பது?

நெய்தல் (இரவு 9:50)

பெரியம்மாவிடம். பௌலிங் வந்தால் சொல்லச் சொன்னார்.