பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கு, ஆனா போன்ல மெயில் ஆப் மட்டும் உள்ள விடமாட்டேங்குது

மழைக்காலம்:
வணக்கம் மக்களே, யாராவது கொஞ்சம் உதவி பண்ணுங்க. லேப்டாப்ல மெயில் பாஸ்வேர்டை மாத்தினேன், அப்படியே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் ஆன் பண்ணேன், அதுக்கப்புறம் போன்ல இருக்குற மெயில் ஆப் "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட் தவறு"ன்னே சொல்லிட்டு இருக்கு. அதே போன்ல பிரவுசர்ல போனா அதே பாஸ்வேர்டுக்கு ஜம்முனு திறக்குது. ஆப்பை அழிச்சு திரும்ப போட்டாச்சு, போனை ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் வேலைக்கு ஆகல. இப்ப "நிறைய தடவை முயற்சி பண்ணிட்டீங்க, அப்புறம் வாங்க"ன்னு வேற அலர்ட் வருது, நான் போனைத் தொடாதப்பவும் வருது, யாராவது அக்கவுண்ட்ல கைவைக்கிறாங்களோன்னு பயமா இருக்கு. வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன், இன்டர்வியூ மெயில் எப்ப வேணா வரலாம்.

கம்பிவலை:
பிரவுசர்ல திறக்குதுன்னா பாஸ்வேர்ட் சரிதான், தயவுசெஞ்சு இன்னொரு தடவை மாத்தாதீங்க. டூ ஸ்டெப் ஆன் பண்ணதுலதான் விஷயம் இருக்கு. பிரவுசர்னா பாஸ்வேர்டை வாங்கிட்டு அடுத்து கோட் கேக்கும், ஆனா பழைய முறையில ஐமேப் (சர்வர்ல இருக்குற மெயிலை ஆப்ல காட்டுற முறை) வழியா கனெக்ட் ஆகுற ஆப்புக்கு பாஸ்வேர்டை அனுப்ப மட்டும்தான் தெரியும், கோட் போட அங்க இடமே கிடையாது, அதனால சர்வர் முடியாதுன்னுடும், ஆப்பும் அதை அப்படியே "பாஸ்வேர்ட் தவறு"ன்னு காட்டிடும். அந்த மெசேஜை நம்பி எத்தனையோ பேர் பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அலைஞ்சு போறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

உங்க மெயில் எந்த கம்பெனியோடதுன்னு சொல்லல. சொந்த ஜிமெயில்னா 2022 மே 30க்கு அப்புறம் வெளி ஆப்ல சாதா பாஸ்வேர்டை மட்டும் வச்சு நுழைய முடியாது. அவுட்லுக் டாட் காம்லயும் 2024 செப்டம்பர் 16ல அந்த வழியை மூடிட்டாங்க. அக்கவுண்ட் சேர்க்கும்போது அந்த கம்பெனியோட லாகின் பக்கமே திறந்து கோட் கேக்குற வழி உங்க ஆப்ல இருந்தா அதுலயே போங்க, அதுதான் பாதுகாப்பு. இல்லன்னா ஜிமெயில், யாஹூ மாதிரி இடங்கள்ல செக்யூரிட்டி செட்டிங்ல ஆப் பாஸ்வேர்ட், அதாவது அந்த ஆப்புக்குன்னே தனியா ஒரு பாஸ்வேர்ட், உருவாக்கிக்கலாம். ஜிமெயில்ல அது 16 எழுத்து, ஒரே ஒரு தடவைதான் கண்ணுல காட்டும், அதை ஆப்ல பாஸ்வேர்ட் இடத்துல போடணும். பின்னாடி மெயின் பாஸ்வேர்டை மாத்தினா இது செல்லாமப் போயிடும், புதுசா எடுக்கணும்.

இரவுப்பறவை:
அந்த அலர்ட் பத்தி ஒண்ணு கேக்கணும், பழைய போன், டேப்லெட் எதுலயாவது இதே அக்கவுண்ட் இருக்கா? அது பழைய பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு பின்னணியில சிங்க் பண்ணப் பாத்துட்டே இருக்கும், பெரும்பாலும் லாக் ஆகுறதுக்கு இதுதான் காரணம். அதுல அக்கவுண்டோட சிங்க்கை ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் எதையும் ட்ரை பண்ணாம விடுங்க. அதுக்காக அலட்சியமாவும் இருந்துடாதீங்க, பிரவுசர்ல நீங்களே முகவரியை டைப் பண்ணி உள்ள போய் எந்தெந்த டிவைஸ்ல லாகின் ஆகியிருக்குன்னு பாருங்க, அலர்ட் மெயில்ல வர்ற லிங்க்கை மட்டும் தொடவே தொடாதீங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களும் கவனிங்க, ஆப்பை அழிக்கறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் ஐமேப்பா பாப்3யான்னு பாத்துக்கங்க. பாப்3ங்கறது மெயிலை போன்லயே இறக்கி வைக்கிற முறை, அதுல இறக்கின மெயிலை சர்வர்ல இருந்து எடுத்துடுற மாதிரி செட்டிங் இருக்கலாம், அப்ப ஆப்போட சேர்ந்து மெயிலும் போயிடும்.

சும்மாஒருத்தன்:
போன்ல தேதி நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கான்னும் பாருங்க. டூ ஸ்டெப்புக்கு ஆத்தென்டிகேட்டர்னு கோட் காட்டுற ஆப் வச்சிருந்தா, அந்தக் கோட் 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறும், நேரம் தப்பா இருந்தா கோட் ஏத்துக்காது.

மழைக்காலம்:
ரொம்ப ரொம்ப நன்றிங்க! பழைய டேப்லெட் ஒண்ணு அலமாரியில சார்ஜோட வைஃபைல இருந்திருக்கு, சிங்க் நிறுத்தினதும் அலர்ட்டும் நின்னுடுச்சு, லாகின் லிஸ்ட்லயும் எல்லாம் என் டிவைஸ்தான். ஆப் பாஸ்வேர்ட் போட்டதும் மெயில் எல்லாம் கொட்டுது. ஆனா ரிப்ளை போட்டா அவுட்பாக்ஸ்லயே நிக்குது, திரும்ப பாஸ்வேர்ட் கேக்குது, இது ஏன்?

கம்பிவலை:
வர்ற மெயிலுக்கும் போற மெயிலுக்கும் தனித்தனி செட்டிங், நீங்க இன்கமிங்ல மட்டும் மாத்தியிருப்பீங்க. அக்கவுண்ட் செட்டிங்ல அவுட்கோயிங், அதாவது எஸ்எம்டிபி சர்வர்னு இருக்கும், அங்கயும் அதே ஆப் பாஸ்வேர்டைப் போடுங்க, எழுதி வைக்கலன்னா புதுசா ஒண்ணு எடுத்து ரெண்டு இடத்துலயும் போடுங்க. "சைன் இன் தேவை" டிக் ஆகியிருக்கணும். அங்கயே போர்ட் நம்பர் 465ன்னா செக்யூரிட்டி வகை எஸ்எஸ்எல், 587ன்னா ஸ்டார்ட்டிஎல்எஸ், இதை மாத்திப் போட்டா பாஸ்வேர்ட் சரியா இருந்தும் போகாது. சேவ் பண்ணிட்டு முதல்ல உங்களுக்கே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்க, அது வந்துட்டா அவுட்பாக்ஸ்ல நிக்கிறதைத் திறந்து திரும்ப அனுப்புங்க.